சாமி கும்பிடாதவர் கம்பனைப் படிப்பது எப்படி?

எங்கள் வீட்டில் பூஜை அறை கிடையாது. கூடத்துச் சுவரில் பெரியார் படம். கம்பன் என்ற பெயர் முதலில் என் காதில் விழுந்ததே ஒரு வசவோடுதான். பள்ளியில் மனப்பாடப் பகுதிக்காகச் சில செய்யுள்களை உருப்போட்டேன். மதிப்பெண் வந்ததும் அவை போய்விட்டன. கல்லூரி முடித்த பிறகு வீம்புக்கு ஒரு முறை கம்பராமாயணத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஆற்றுப் படலம், நாட்டுப் படலம் (படலம் என்றால் அத்தியாயம்) தாண்டி நகரப் படலத்தில் மூச்சு வாங்கியது. மதிலும் அகழியும் கொடியும் வந்துகொண்டே இருந்தன; கதை வருவதாக இல்லை. மூடிவைத்தேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பழைய புத்தகக் கடையில் கிட்கிந்தா காண்டம் மட்டும் தனியாகக் கிடைத்தது. அட்டை இல்லை, விலை குறைவு. அதில் வாலி பேசத் தொடங்கினான். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

அந்த இரண்டு முயற்சிக்கும் நடுவில் எனக்குப் பக்தி வந்துவிடவில்லை. மாறியது நான் நுழைந்த வாசல் மட்டும்தான். கோயில் பழக்கம் இல்லாதவர்கள், வேறு மதத்தில் பிறந்தவர்கள், இந்துவாகப் பிறந்தும் தொலைக்காட்சித் தொடருக்கு மேல் இராமாயணம் அறியாதவர்கள் ஆகியோருக்காக அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

மிகக் கொஞ்சம். கம்பன் தன் நூலுக்கு வைத்த பெயர் இராமாவதாரம். பால, அயோத்தியா, ஆரணிய, கிட்கிந்தா, சுந்தர, யுத்த என்று ஆறு காண்டம். பாட்டு எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஏறத்தாழ 10,500 என்று வைத்துக்கொள்ளலாம். இதில் யுத்த காண்டம் மட்டும் 4,000க்கும் மேல். ஏழாவதான உத்தர காண்டம் கம்பனுடையது அல்ல, அதை ஒட்டக்கூத்தர் பெயரில் சொல்வது மரபு. இந்தச் செய்தி உங்களுக்கு உதவும்: தவம் செய்த சூத்திரனான சம்பூகனை இராமன் கொல்லும் கதை அந்த ஏழாவது காண்டத்துக் கதை. அதைக் கம்பன் தலையில் கட்டிச் சண்டை போட வேண்டியதில்லை. சண்டை போட வேறு இடங்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் வருவோம்.

கம்பன் 9ஆம் நூற்றாண்டா 12ஆம் நூற்றாண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஊர் மாயூரத்துப் பக்கத்துத் தேரழுந்தூர். ஆதரித்தவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளல். இவ்வளவு போதும்.

சமயச் செய்தி என்று ஒன்றே ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இராவணன் தவம் செய்து வரம் வாங்கியவன். தேவர், அசுரர் என்று பெரிய இடங்களுக்கு எதிராகவெல்லாம் பாதுகாப்புக் கேட்டவன், மனிதரையும் குரங்கையும் மதிக்காமல் விட்டுவிட்டான். பத்திரத்தில் ஓட்டை. ஆகவே திருமால் மனிதனாகப் பிறந்தாக வேண்டும், கடைசிவரை மனிதனாகவே இருந்தாகவும் வேண்டும். இராமன் அழுவதும் ஏமாறுவதும் தப்புச் செய்வதும் இந்த ஓட்டைக்குள் நடப்பவை. கடவுள் என்று பாட்டு சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் கதைக்குள் அவன் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவன். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இழுபறிதான் காவியம். கடவுள் பேச்சு வருகிற இடங்களையெல்லாம் தாண்டிவிட்டு 'வெறும் கதை'யாகப் படிக்கலாமே என்று நான் முதலில் நினைத்தேன். கூடாது. வாலியின் கேள்வி சுடுவதே எதிரில் நிற்பவன் யார் என்பதால்தான்.

வரம், சாபம், வேள்வி, விதி என்பவற்றை நீங்கள் நம்ப வேண்டாம். சதுரங்கத்தில் குதிரை ஏன் இரண்டரைக் கட்டம் போகிறது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? அந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பெயர்கள். கம்பன் வடமொழிப் பெயர்களைத் தமிழ் வாய்க்கு ஏற்ப மாற்றுவான்: விபீஷணன் வீடணன் ஆவான், லட்சுமணன் இலக்குவன், கௌசல்யை கோசலை. விசுவாமித்திரர் பெரும்பாலும் கோசிகன். சீதைக்குச் சானகி, மைதிலி; அனுமனுக்கு மாருதி; இராமனுக்கு இராகவன், காகுத்தன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

எந்தப் புத்தகம்?

சந்தி பிரித்த பதிப்பு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பதிப்பில் இப்படி இருக்கும்: 'கண்ணொடு கண்ணிணை கவ்வி யொன்றையொன் றுண்ணவும்'. பிரித்தால்: 'கண்ணொடு கண் இணை கவ்வி, ஒன்றை ஒன்று உண்ணவும்'. இரண்டாவதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் படித்துவிடும். சென்னைக் கம்பன் கழகப் பதிப்பு சந்தி பிரித்தது, ஆனால் உரை இல்லை. கோவைக் கம்பன் கழகப் பதிப்பில் உரையும் உண்டு. காசு செலவழிக்க மனமில்லை என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பாட்டும் உரையும் இலவசமாகவே கிடைக்கின்றன. வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரை சொல்லுக்குச் சொல் பிரித்துக் காட்டும். அவர் வைணவ நெறியில் நின்று எழுதியவர். அவர் இலக்கணத்தை வாங்கிக்கொண்டு, தத்துவத்தை வாங்குவதா வேண்டாமா என்பதை உங்கள் வசதிக்கு விடலாம்.

கதை முழுதும் தெரியாதவர் சிறுவர்களுக்கான ஏதாவது ஒரு இராமாயணச் சுருக்கத்தை இரண்டு மணி நேரத்தில் படித்துவிட்டு வரலாம். கம்பனில் 'அடுத்து என்ன' என்ற திகில் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த கதையை இவன் எப்படிச் சொல்கிறான் என்பதே விஷயம்.

உரையை முதலில் படிக்காதீர்கள். பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகு உரை. கண்ணால் மட்டும் படிக்கிறவருக்குக் கம்பன் பாதிதான் கிடைப்பான். கும்பகருணனை எழுப்பும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

உறங்குகின்ற கும்பகன்ன! உங்கள் மாய வாழ்வு எலாம்
இறங்குகின்றது! இன்று காண், எழுந்திராய்! எழுந்திராய்!

கதவைத் தட்டுவது போல் தட்டிப் பாருங்கள். பொருள் தெரிவதற்கு முன்பே தூங்குகிறவனை உலுக்குகிற வேகம் கைக்கு வந்துவிடும்.

முதல் நாள்: வாலி

முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். கிட்கிந்தா காண்டத்தில் வாலி வதைப் படலத்தைத் திறங்கள். இருநூறு பாட்டுக்கும் குறைவு. நான்கைந்து மாலைகளில் முடியும்.

நிலவரம் இது. அண்ணன் வாலி, தம்பி சுக்கிரீவன், இரண்டு வானர அரசர்கள். ஒரு தவறான புரிதலால் பகை. வாலி தம்பியை நாட்டை விட்டு விரட்டி, தம்பி மனைவியையும் தன்னிடம் வைத்துக்கொண்டான். இராமன் சுக்கிரீவனோடு நட்புக் கொள்கிறான். அண்ணன் தம்பி மோதும்போது மறைந்து நின்று வாலியின் மார்பில் அம்பை விடுகிறான். வாலி விழுகிறான், ஆனால் உடனே சாகவில்லை. மார்பில் புதைந்த அம்பைப் பிடித்து இழுக்கிறான். அதில் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்கிறான்.

மும்மை சால் உலகுக்கு எல்லாம் மூல மந்திரத்தை, முற்றும்
தம்மையே தமர்க்கு நல்கும் தனிப் பெரும் பதத்தை, தானே
இம்மையே எழுமை நோய்க்கும் மருந்தினை, 'இராமன்' என்னும்
செம்மை சேர் நாமம்தன்னை, கண்களின் தெரியக் கண்டான்.

இந்தப் பாட்டை மேடைகளில் கேட்டிருப்பீர்கள், இராம நாமத்தின் பெருமையைச் சொல்ல. பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் மேடையில் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த பாட்டு?

இல்லறம் துறந்த நம்பி, எம்மனோர்க்காகத் தங்கள்
வில்லறம் துறந்த வீரன் தோன்றலால், வேத நூலில்
சொல்லறம் துறந்திலாத சூரியன் மரபும், தொல்லை
நல்லறம் துறந்தது...

வீட்டை விட்டு வந்தாய், சரி. எங்களுக்காக வில்லின் தருமத்தையும் விட்டுவிட்டாயா? உன்னால் உன் குலமே அறத்தை விட்டதே என்று சொல்லி வாலி சிரிக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருக்கிறது, கொன்றவனை நினைத்து. மந்திரம் என்று போற்றிய பெயரையும் அந்தப் பெயருக்குரியவன் மீது விழும் சிரிப்பையும் கம்பன் அடுத்தடுத்து வைத்திருக்கிறான். பக்தர் முதல் பாட்டைக் கிழித்துக்கொண்டு போகிறார், பகைவர் இரண்டாவதை. நான் இந்த வழிகாட்டியில் சொல்ல நினைப்பதெல்லாம் இதற்குள் அடக்கம்: ஒற்றைப் பாட்டைப் படிக்காதீர்கள், பேச்சு முழுவதையும் படியுங்கள்.

பேச்சு மேலே போகிறது. தம்பி மனைவியைக் கவர்ந்தாயே என்கிறான் இராமன். உங்கள் குலத்துக் கற்பு முறையில் பிரமன் எங்களைப் படைக்கவில்லை, நாங்கள் குரங்குகள் என்கிறான் வாலி. அறம் தெரிந்த அறிவு இருக்கும்போது உடம்பைக் காட்டித் தப்பிக்க முடியாது என்கிறான் இராமன். இதுவரை இரண்டு பக்கமும் சம எடை. அப்புறம் வாலி கடைசிக் கேள்வியைக் கேட்கிறான்: எல்லாம் இருக்கட்டும், வேடன் மாதிரி மறைந்து நின்று எய்தது ஏன்?

இந்தக் கேள்விக்கு இராமன் பதில் சொல்லவில்லை. இலக்குவன் சொல்கிறான். உன் தம்பி முதலில் வந்து அடைக்கலம் புகுந்தான், உன்னைக் கொல்வதாக அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டான். எதிரில் வந்தால் நீயும் உயிருக்காக 'அடைக்கலம்' என்று சொல்லிவிடுவாய், அதனால்தான் மறைந்து எய்தான் என்கிறான்.

புத்தகத்தை மூடிவிட்டு இந்த இடத்தில் ஒரு நாள் இருங்கள். இது நல்ல பதிலா? நல்ல பதில் என்றால் இராமனே ஏன் சொல்லவில்லை? சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் இந்த வழக்கை எடுத்து விரிவாக எழுதியிருக்கிறார். இஸ்லாமியர், கம்பனில் ஆழங்கால்பட்டவர். நமக்கு ஒரு மதம் குறைவு என்பதால் கம்பன் குறைந்துவிடமாட்டான் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

அதற்குப் பிறகு வருவதுதான் என்னைத் தூங்க விடாதது. சாகப்போகிற வாலி இராமனிடம் வரம் கேட்கிறான், தனக்காக அல்ல. என் தம்பி கள்ளைக் குடித்துவிட்டுப் புத்தி மாறித் தப்புச் செய்தாலும், என் மேல் விட்ட அம்பை அவன் மேல் விட்டுவிடாதே. இன்னொன்று: 'அண்ணனைக் கொல்ல வைத்தவன்' என்று உன் தம்பிமார் அவனை இகழ்ந்தால் தடுத்துவிடு.

இதை மறந்துவிடாமல் சில படலங்கள் தாண்டிக் கிட்கிந்தைப் படலத்துக்குப் போங்கள். மழைக்காலம் முடிந்துவிட்டது. சேனையோடு வருவதாகச் சொன்ன சுக்கிரீவன் வரவில்லை. குடித்துவிட்டுக் கிடக்கிறான். இலக்குவன் கோபத்தோடு வருகிறான். அண்ணன் தம்பியை எவ்வளவு சரியாக அறிந்து வைத்திருந்தான் பாருங்கள். இதை ரசிக்க எந்தக் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும்?

ஒரு பாட்டை உடைப்பது

நூலின் முன்னுரையான பாயிரத்தில் கம்பன் தன்னைப் பற்றி ஒரு உவமை சொல்வான்: பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று 'ஒரு பூசை' போனது போல இராமன் கதையைச் சொல்ல ஆசைப்பட்டேன். நான் வெகு நாள் 'பூசை' என்றால் வழிபாடு என்றே எண்ணி, சரி, இது நமக்கான பாட்டு இல்லை என்று தாண்டிப்போனேன். பூசை என்றால் பூனை! நமக்குச் சமயம் தெரியாததால் தடுக்குகிறது என்று நாம் நினைக்கும் இடங்களில் பாதி, சொல் தெரியாததால் தடுக்குவதுதான்.

அதனால் ஒரு பாட்டை எப்படிப் பிரிப்பது என்று செய்து பார்ப்போம். முதல் நாள் போரில் இராவணன் தோற்று, ஆயுதமெல்லாம் இழந்து நிற்கிறான். 'இன்று போய், போர்க்கு நாளை வா' என்று இராமன் அனுப்பிவிடுகிறான். (அந்தப் பாட்டின் கடைசி வரியில், இளம் பாக்கு மரத்தின் மேல் வாளை மீன் தாவுகிற கோசல நாட்டு வள்ளல் என்று வரும். பாக்கும் வாளையும் காவிரிக் கரைச் சரக்கு. பெரும் போரின் உச்சத்தில் நின்றுகொண்டும் கம்பனுக்குத் தன் ஊர் வாய்க்கால் ஞாபகம்.) அடுத்து, கும்பகருணன் வதைப் படலம் இப்படித் தொடங்குகிறது:

வாரணம் பொருத மார்பும், வரையினை எடுத்த தோளும்,
நாரத முனிவற்கு ஏற்ப நயம் பட உரைத்த நாவும்,
தார் அணி மவுலி பத்தும், சங்கரன் கொடுத்த வாளும்,
வீரமும், களத்தே போட்டு, வெறுங் கையோடு இலங்கை புக்கான்.

வாய்விட்டு இரண்டு முறை. பிறகு கடைசிச் சொல்லைப் பிடியுங்கள்: புக்கான், அதாவது புகுந்தான். தமிழில் வினை கடைசியில் நிற்கும், எனவே விருத்தத்தை (கம்பன் பாடும் நாலடிப் பாட்டு வகை) கீழிருந்து மேலே அவிழ்ப்பது சுலபம். எங்கே புகுந்தான்? இலங்கைக்குள். எப்படி? வெறுங்கையோடு. அதற்கு முன் என்ன செய்தான்? களத்தில் போட்டான். எதை? மேலே ஒரு பட்டியல், 'உம் உம்' என்று.

இப்போது பட்டியல். வாரணம் யானை; திசை யானைகளோடு மோதிய மார்பு. வரை மலை, கயிலையைத் தூக்கிய தோள். நாரதரே மெச்சும்படி நயமாக உரைத்த நா. பத்து முடி. சிவன் தந்த வாள். இந்தப் பாட்டுக்கு வேண்டிய சமயச் செய்தி அவ்வளவுதான், உரையின் அடியில் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அதன்பின் உண்மையான வேலை தொடங்குகிறது. வாளைப் போடலாம், முடி விழலாம். மார்பையும் தோளையும் நாவையும் எப்படிக் களத்தில் போட்டுவிட்டு வர முடியும்? உடம்பு அவனோடுதான் வருகிறது. அந்த உடம்பை நம்பி அவன் கட்டிய பெயர் வரவில்லை. வில்லன் தோற்ற நேரத்தில் அவன் பெருமையை ஒன்று விடாமல் வரிசையாக எண்ணிச் சொல்கிறான் கம்பன், கேலியாக அல்ல. கடைசியில் 'வெறுங்கையோடு'. நேற்று சந்தைக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் நாம் இதே சொல்லைத்தான் சொன்னோம்.

அடிக்கடி வரும் சின்னக் கண்ணிகள் சில: அரோ, மாதோ போன்றவை ஓசைக்கு வரும் அசைகள், பொருள் தேட வேண்டாம். 'அம்மா' பெரும்பாலும் தாயைக் கூப்பிடுவது அல்ல, வியப்பு. 'என்னா' என்றால் 'என்று'. 'என்ன' என்று படித்துவிட்டால் பாட்டே தலைகீழாகிவிடும்.

கடவுள் வந்து நிற்கும் இடங்கள்

துதிகள் நிறைய வரும். எனக்கு உதவியது ஒரு கேள்வி: இதைச் சொல்பவர் யார், எந்த நேரத்தில்? துதியும் ஒரு பாத்திரத்தின் பேச்சுத்தான்.

விதி வந்தாலும் அப்படியே. காட்டுக்குப் போ என்றதும் இலக்குவன் வில்லை எடுத்துக்கொண்டு குதிக்கிறான். இராமன் சொல்கிறான்:

நதியின் பிழை அன்று நறும் புனல் இன்மை, அற்றே,
பதியின் பிழை அன்று. பயந்து நமைப் புரந்தாள்
மதியின் பிழை அன்று, மகன் பிழை அன்று, மைந்த!
விதியின் பிழை, நீ இதற்கு என்னை வெகுண்டது?

ஆற்றில் தண்ணீர் இல்லை என்றால் ஆறு என்ன செய்யும் என்று தொடங்கி, அப்பா, அம்மா, பரதன் மூவரையும் ஒவ்வொருவராக விடுவித்துவிடுகிறான். விதித் தத்துவம் என்று இதைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. என் பழைய வீட்டுப் பாடம் இதைக் கண்டதும் பல்லைக் கடித்தது. ஆனால் அடுத்த பாட்டில் இலக்குவன் என்ன சொல்கிறான்? கொதிக்கிற மனத்தை எப்படி ஆற்றுவேன், 'விதிக்கும் விதி ஆகும், என் வில் தொழில் காண்டி'. விதிக்கே விதி என் வில், பார்க்கிறாயா? விதியை மறுக்கிற குரலையும் கம்பனே எழுதி வைத்திருக்கிறான், அதே வேகத்தில், அதே அழகில்.

யுத்த காண்டத்து இரணியன் வதைப் படலம் வான்மீகியில் இல்லாதது. இராவணனின் அவையில் வீடணன் எச்சரிக்கையாகச் சொல்லும் கதையாக அதைக் கம்பன் புகுத்தினான். எங்கே உன் அரி, அதாவது திருமால், என்று கேட்கும் தகப்பன் இரணியனுக்குப் பிரகலாதன் சொல்கிறான்: சாணிலும் இருக்கிறான், அணுவை நூறாய்ப் பிளந்த துண்டிலும் இருக்கிறான், மேருவிலும் இருக்கிறான், இந்தத் தூணிலும் இருக்கிறான், 'நீ சொன்ன சொல்லினும் உளன்'. இல்லை என்று நீ சொன்னாயே, அந்தச் சொல்லிலும்! இதை என் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பையன் கெட்டிக்காரன்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

கசக்கும் இடங்கள்

இருக்கின்றன. பால காண்டத்தின் பூக் கொய் படலம், புனல் விளையாட்டுப் படலம், உண்டாட்டுப் படலம் ஆகியவற்றில் பெண்ணின் உடம்பு உவமைகளுக்கு அடியில் மூச்சுத் திணறும். தாண்டிப் போகலாம், கதைக்கு நட்டமில்லை. சூர்ப்பணகையின் மூக்கை அறுக்கும் இடம் வேறு மாதிரி. அவள் வருகையை 'வஞ்சி என, நஞ்சம் என, வஞ்ச மகள் வந்தாள்' என்று சிலம்பொலி கேட்கும்படி பாடிவிட்டு, பிறகு நடப்பதை இன்றைய மனம் எளிதாக விழுங்காது. விழுங்க வேண்டாம்.

மீட்சிப் படலம் இதைவிடக் கடினம். போர் முடிந்து சீதை வருகிறாள். இராமன் அவளிடம் பேசும் சொற்களைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. அவள் நெருப்பில் இறங்குகிறாள். அங்கே கம்பன் ஒன்று செய்கிறான்: 'பாலின் பஞ்சு எனத் தீய்ந்தது அவ் எரி, அவள் கற்பின் தீயினால்'. நெருப்பு அவளைச் சுடவில்லை, அவள் நெருப்பைச் சுட்டாள். சோதிக்க வந்த தீக்கடவுளே வெந்து அலறுகிறான். இது இராமனை விடுவிக்கிறதா? என் புத்தகத்தின் ஓரத்தில் 'இல்லை' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

எதிர்ப்பு நூல்களையும் கூடவே படியுங்கள், ஒளித்து வைக்க வேண்டாம். கம்பராமாயணத்தை எரிக்க வேண்டுமா என்று 1943இல் அண்ணாதுரை ஒரு பக்கமும், ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்ப் பக்கமுமாக நடத்திய சொற்போர்கள் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் நூலாகக் கிடைக்கின்றன. இரண்டு பக்கமும் கம்பனைக் கரைத்துக் குடித்தவர்கள் என்பது படித்தால் தெரியும். எரிக்கச் சொன்னவர்கூட வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் சொன்னார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தமோ கம்பன் மேடைகளில் கம்பனைக் கொண்டாடிப் பேசியவர். எந்தக் கட்சியில் இருந்தாலும் படித்துவிட்டுப் பேசுவது அந்தக் காலத்து வழக்கமாக இருந்தது.

வரிசையும் வேகமும்

நாளுக்குப் பத்துப் பாட்டு என்றால் முழுதும் முடிய மூன்று வருடம் ஆகும். பயப்படாதீர்கள், முதல் சுற்றில் முழுதும் வேண்டாம், கீழே சொல்லும் பகுதிகள் போதும்.

வாலிக்குப் பிறகு அயோத்தியா காண்டம். மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் தொடங்கித் திருவடி சூட்டு படலம் வரை அநேகமாக எதையும் விடாதீர்கள். குடும்பச் சண்டை தெரிந்தவர் எவருக்கும் இதில் உரை தேவைப்படாது. கைகேயி 'இயம்பினன் அரசன்' என்று, தன் சொல்லை அரசன் வாயில் போட்டுச் சொல்லும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். பரதன் மேல் படையெடுக்கத் துடித்த குகன், அவனை நேரில் கண்டதும் 'ஆயிரம் இராமர் நின் கேழ் ஆவரோ', உனக்கு நிகராவார்களா, என்கிற இடம் கங்கைக் கரையில் வரும். இராம பக்தனான ஒரு வேடனே அப்படிச் சொல்கிறான்!

அடுத்து ஆரணியத்தில் சூர்ப்பணகை முதல் சடாயு வரை. வான்மீகியில் இராவணன் சீதையைப் பிடித்துத் தூக்குகிறான். கம்பனில் தொடாமல், குடிசையோடு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். ஏன் மாற்றினான் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள். பிறகு சுந்தர காண்டம், முடிந்தால் முழுசாக. திரும்பி வந்த அனுமன் 'கண்டனென்' என்று வினையை முதலில் வைத்துத் தொடங்குவதை ஊரே பேசும், பேசத் தகும். யுத்த காண்டத்தில் இரணியன், வீடணன் அடைக்கலம், கும்பகருணன், இராவணன் வதை, மீட்சி. நடுவில் அம்பு மழையாகப் பெய்யும் படலங்களை வேகமாக ஓட்டலாம், நான் ஓட்டினேன். கும்பகருணனை மட்டும் ஓட்டாதீர்கள். அண்ணன் செய்தது தப்பு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வளர்த்தவனுக்கு உயிர் கொடுக்காமல் போகமாட்டேன் என்று போருக்குப் போகிறவன் அவன்.

தனியாகப் படிக்க முடியாதவர்களுக்குக் கம்பன் கழகங்கள் இருக்கின்றன. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கியது தாய்க் கழகம். சென்னை, கோவை, புதுச்சேரியிலும் உண்டு. இலங்கையில் 1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கழகம் உண்டு. பட்டிமண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளர் சொல்லும் பாட்டின் முன் பாட்டையும் பின் பாட்டையும் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பது என் பொழுதுபோக்கு. பக்கத்தில் இருப்பவர் நெற்றியில் திருமண் இருக்கும். பாட்டு நடுவில் நின்றுபோனால் அவர் எனக்கு எடுத்துக் கொடுப்பார்.

பால காண்டம் கடைசியில். இப்போது நாட்டுப் படலம் இனிக்கும். 'வண்மை இல்லை, ஓர் வறுமை இன்மையால்': வாங்க ஏழை இல்லாத ஊரில் வள்ளலுக்கு வேலை இல்லையாம். முதல் பாட்டையும் அப்போது படியுங்கள். உலகங்களை உண்டாக்கி, நிறுத்தி, நீக்கும் விளையாட்டு உடையவர், அவர் தலைவர், அவருக்கே சரண் என்கிறது. பெயர் சொல்லவில்லை. திருமால் என்றோ சிவன் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது.

நான் இன்னும் பால காண்டத்தை முடிக்கவில்லை. மிதிலையில் நிற்கிறேன். அண்ணலும் நோக்கினான், அவளும் நோக்கினாள். வில் இன்னும் ஒடியவில்லை.